குளுசையின்ரை கோவம்

எனக்குக் கோவம் வாறது புதினமான விசயமில்லை. சின்னனிலை இருந்தே மூக்குநுனியிலை கோவம் எண்டு பேர் எடுத்த ஆள் நான். பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் எனக்கு வைச்ச பட்டப்பேரும் எனக்குத் தெரியும், அதை இதிலை எழுதமாட்டன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கோவத்தைப் பற்றி இல்லை. போன வருசம் எனக்கு வந்தது வேறையொரு கோவம். அது ஆரின்ரை கோவம் எண்டு இப்பவும் எனக்கு முழுசாய் விளங்கேல்லை. அதாலை என்ரை ஒரேயொரு தங்கச்சியை நான் இழக்கப் பாத்தன்.

நாங்கள் ரெண்டே ரெண்டு பொம்பிளைப்பிள்ளையள். இணுவிலிலை அம்மாவின்ரை வளவை ரெண்டாய்ப் பிரிச்சு, எனக்குச் சீதனமாய்த் தந்த பாதியிலை நானும் இவரும் வீடு கட்டி இருக்கிறம். மற்றப் பாதியிலை அம்மாவின்ரை பழைய வீடு. அதிலை தங்கச்சி தனிய இருக்கிறாள். அவள் கலியாணம் செய்யேல்லை. அம்மா பாரிசவாதம் வந்து ஆறு வருசம் படுக்கையிலை கிடந்தவ. பாத்தது முழுக்க அவள்தான். நான் அந்த நேரம் வவுனியாவிலை படிப்பிச்சுக்கொண்டிருந்தன். லீவுக்கு லீவு ஒறேஞ்சும் பிஸ்கற்றும் கொண்டு வருவன், அம்மாவின்ரை தலைமாட்டிலை இருந்து அழுவன், லீவு முடியப் போவன். அம்மா கண்ணை மூட முதல் அந்த வீட்டைத் தங்கச்சியின்ரை பேரிலை எழுதினவ. அதிலை எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லுறனான். அம்மா போய்ப் பதினொரு வருசமாச்சு.

நடு வேலியிலை ஒரு பொட்டு வைச்சிருக்கிறம். பொட்டு எண்டால் ஆள் குனிஞ்சு போய்வரக்கூடிய இடைவெளி. கறியும் அதுக்குள்ளாலைதான் போகும், கதையும் அதுக்குள்ளாலைதான் போகும். சண்டை பிடிச்சாலும் ரெண்டு நாளிலை ஆரோ ஒருத்தி ஒரு கிண்ணத்தோடை குனிஞ்சு வருவள்.

மாசிப் பனி முடியிற நேரம் எனக்கு மூட்டெல்லாம் பிடிச்சுது. காலமை எழும்பினால் கைவிரல் மடங்காது. சோக்குக்கட்டி பிடிக்கேலாது, ஸ்கூட்டியின்ரை பிறேக் பிடிக்கேலாது. கிளினிக்கிலை ரத்தம் சோதிச்சுப் பாத்துச் சின்ன வெள்ளைக் குளுசை தந்தவை. மூட்டு வீக்கத்தை அடக்கிற மருந்து, கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைச்சுத்தான் நிப்பாட்ட வேணும், நீங்களாய் விட்டிடாதேங்கோ எண்டு ஒண்டுக்கு ரெண்டு தரம் சொன்னவை. நான் தலையாட்டினன். நோ மாறப்போகுது எண்ட சந்தோசத்திலை இருக்கிற ஆள் மிச்சக் கதையை ஏன் கேக்கப்போறாள்? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்திலை பிள்ளையள் என்னைக் கேக்கிற மாதிரித்தான் நானும் கேட்டன்.

நாலாம் நாள் எனக்கு இருபது வயது. பொய் சொல்லேல்லை. விரல் மடங்கிச்சுது, முழங்கால் மடங்கிச்சுது. விடியப்புறம் மூண்டு மணிக்கே நித்திரை முறிஞ்சுபோகும். எழும்பிச் சும்மா இருக்கேலாது. குசினி அலுமாரியைக் கவிட்டுக் கொட்டித் துடைச்சன். யன்னல் எல்லாம் கழுவினன். மூண்டு வகுப்பின்ரை சோதினைத் தாளை ஒரே மூச்சிலை திருத்தினன். பசியெண்டால் அப்பிடியொரு பசி, ஒரு றாத்தல் பாணை நானே முடிப்பன். முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டு போச்சு. ரோட்டிலை காணுற சனம் “ரீச்சர் நல்லா வடிவாய் வந்திட்டியள்” எண்டுதுகள். நானும் நம்பினன்.

பேந்துதான் கோவம் வந்தது. என்ரை பழைய கோவத்துக்கு ஒரு முறை இருக்கு. முதல் எரிச்சல் வரும், பிறகு குரல் ஏறும், பிறகு நானே அடங்குவன். இது அப்பிடி இல்லை. ஒண்டுமில்லாத இடத்திலை கிளம்பும். ஒரு பிள்ளை அடிமட்டத்தைத் தவற விட்டதுக்குக் கரும்பலகை துடைக்கிற டஸ்ரரைச் சுவரிலை எறிஞ்சன். மரக்கறிக் கடைக்காரர் கத்தரிக்காயைப் பொறுக்காதேங்கோ எண்டதுக்கு, சந்தை முழுக்கத் திரும்பிப் பாக்கக் கத்தினன். கத்துற நேரம் உள்ளுக்கை ஒரு சுகம் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லவேணும். இவர் பாவம், எனக்கு ஏழரைச் சனி நடக்குது எண்டு சாத்திரியிட்டைக் குறிப்பைக் கொண்டு போனார். சாத்திரியும் ஓம் எண்டிட்டார்.

பிழையைச் சரியாய்ப் பிடிச்சது தங்கச்சி ஒருத்திதான். ஒருநாள் பொட்டுக்குள்ளாலை வந்து, “அக்கா, இந்தக் குளுசை தொடங்கின பிறகுதான் நீங்கள் இப்பிடி நிக்கிறியள். டொக்டரிட்டை ஒருக்காச் சொல்லுங்கோவன்” எண்டாள். ஆறு வருசம் மருந்தும் மனுசரும் பாத்த கண் அது. நான் என்ன சொன்னன்? “உனக்கென்னடி தெரியும், உன்ரை அலுவலைப் பார்” எண்டன்.

ஆவணியிலை நடந்தது கட்டில் சண்டை. அம்மா கிடந்த கட்டிலை, பாரிசவாதத்திலை விழுந்த அயலட்டை மனுசன் ஒருத்தருக்குத் தங்கச்சி குடுத்திட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வாற வழியிலை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியிலை அந்தக் கட்டில் போறதைக் கண்டன். வீட்டை வந்து ஹெல்மெற்றையும் கழட்டாமல் பொட்டுக்குள்ளாலை பாய்ஞ்சன்.

“ஆரைக் கேட்டுக் குடுத்தனி?”

“பதினொரு வருசமாய்ச் சும்மா கிடந்ததுதானே அக்கா. அந்த மனுசன் நிலத்திலை கிடக்குது” எண்டாள், ஆறுதலாய்த்தான் சொன்னாள்.

அந்த ஆறுதல் எனக்குக் கோவத்தை இன்னும் ஏத்திச்சுது. வாய் திறந்தது எனக்குத் தெரியும். என்ன வரப்போகுது எண்டு தெரியாது. “நீ வீட்டுக்காகத்தானேயடி அம்மாவைக் கழுவித் துடைச்சனி. வீடு கையுக்கை வந்திட்டுது, இனிக் கட்டில் என்னத்துக்கு?” எண்டன்.

தங்கச்சி கையிலை முத்தம் கூட்டுற தும்புத்தடி வைச்சிருந்தாள். அதைச் சுவரோடை சாத்தி வைச்சிட்டு உள்ளை போனாள். அண்டைக்குப் பின்னேரம் பொட்டை ஒரு தகரத்தாலை மூடிக் கம்பியாலை கட்டினாள். கம்பி முறுக்கிற சத்தம் என்ரை குசினிக்கை கேட்டுது.

ரெண்டு மாசம் கதைபேச்சில்லை. நல்லூர்த் தேருக்கும் அவள் தனியப் போனாள், நான் தனியப் போனன். மன்னிப்புக் கேக்க எனக்கு வாயில்லாமல் இல்லை. தகரத்தடிக்குப் போவன். போற வழியிலையே, அவள் மட்டும் திறமோ எண்டு உள்ளுக்கை ஏதோ கிளம்பும், திரும்பி வந்திடுவன். எனக்கே என்னைப் பிடிக்காமல் போச்சு. இப்பிடியே கிடந்து ரெண்டு கிழவியள் ஒரு வளவுக்கை முகம் பாராமல் செத்துப்போவம் எண்டு பயமாயும் இருந்தது. எங்கடை ஊரிலை அப்பிடிச் செத்த சகோதரங்கள் இருக்கினம்.

ஐப்பசி பிறந்துது, கந்தசட்டி வந்துது. முருகா, இந்தச் சனியன் பிடிச்ச கோவத்தை என்னட்டை இருந்து எடு, தங்கச்சி என்னோடை கதைக்கவேணும் எண்டு நேர்ந்து விரதம் பிடிச்சன். எங்கடை பக்கத்திலை ஆறு நாளும் ஒருநேரம் பாலும் பழமும் எடுக்கிறவை இருக்கினம், இளநியோடை இருக்கிறவை இருக்கினம், வெறும் தண்ணியோடை கிடக்கிறவையும் இருக்கினம். நான் எதையும் அரைகுறையாய்ச் செய்யிற ஆள் இல்லை. வெறும் தண்ணி எண்டு முடிவெடுத்தன்.

முதல் நாள் காலமை இவர் கேட்டார், “அப்ப குளுசை?”

நான் மருந்துப் பையைத் தூக்கிக் காட்டினன். “இதிலை என்ன எழுதிக் கிடக்கு? சாப்பாட்டுக்குப் பின். நான் சாப்பிடுறனோ? இல்லை. சாப்பாடு இல்லையெண்டால் பின் எண்டதும் இல்லை. பிறகு எப்பிடிக் குளுசை போடுறது?”

இருபத்தெட்டு வருசம் கணிதம் படிப்பிச்ச வாய். இவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னாலை பிடிச்சார். குளுசைக்கெண்டு ஏதாவது வயித்துக்கை போட்டால் விரதம் முறிஞ்சுபோகும் எண்ட பயமும் எனக்கு உள்ளுக்கை இருந்தது. பையை மேசை லாச்சிக்கை போட்டு மூடினன்.

ரெண்டாம் நாளே அதிசயம் நடந்தது. கோவம் இல்லை. ஒன்பதாம் வகுப்பு வாங்கு மேசையைப் பிரட்டினாலும் எனக்கு ஒண்டும் செய்யேல்லை. கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தன். முருகன் கேட்டிட்டார் எண்டு கண்ணீர் வந்துது. மூண்டாம் நாள் கை தூக்கிக் கரும்பலகை துடைக்கேலாமல் கிடந்தது, அதையும் சாந்தம் எண்டு நினைச்சன். கோயிலிலை தூணோடை சாய்ஞ்சு இருந்தன், எழும்பப் பிடிக்கேல்லை. விரதக்களை எண்டு பக்கத்திலை இருந்த மனுசியும் சொன்னா. அவவுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும். ஆனால் அவ குளுசையை விட்டிட்டு வந்த ஆள் இல்லை.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டன். இவர் வேலைக்குப் போயிட்டார். முழுகுவம் எண்டு கிணத்தடிக்குப் போனன். வயித்தைப் பிரட்டிச்சுது, வெறும் பச்சைத் தண்ணியாய்ச் சத்தியெடுத்தன். வாளியைப் பிடிச்சது தெரியும். வாளி விழுந்த சத்தமும் கேட்டுது. அது என்னிலை இருந்து கனதூரத்திலை விழுந்த மாதிரிக் கேட்டுது.

வாளிச் சத்தம் கேட்டுத் தகரத்தைக் கையாலை பிய்ச்சுக்கொண்டு வந்தவள் தங்கச்சி. என்னைச் சரிச்சுப் படுத்திப்போட்டு, இவருக்கு ரெலிபோன் எடுத்து “அக்கா மருந்தேதும் விட்டவவோ” எண்டுதான் முதல் கேட்டிருக்கிறாள். ஓட்டோவுக்குச் சொல்லிப்போட்டு லாச்சியை இழுத்து மருந்துப் பையை எடுத்திருக்கிறாள். இதெல்லாம் பேந்து இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓட்டோவுக்கை என்ரை தலை அவளின்ரை மடியிலை கிடந்தது. அவளின்ரை முழங்கையிலை தகரம் வெட்டின இடத்தாலை ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் நானே கண்டன்.

பெரியாஸ்பத்திரியிலை பிறஷர் பாத்த நேர்ஸ் ரெண்டாந்தரமும் பாத்தா. தங்கச்சி பையை நீட்டி, “நாலு நாளாய் இது போடேல்லை, சாப்பாடும் இல்லை” எண்டாளாம். அதுக்குப் பிறகு எல்லாம் கெதியாய் நடந்தது. ஒரு கையிலை சேலைன், மற்றக் கையிலை ஊசி. பின்னேரம் நான் கண்ணை முழிச்சுத் தேத்தண்ணி கேட்டன். கேட்ட பிறகுதான் விரதம் ஞாபகம் வந்துது. சூரன்போருக்கு ரெண்டு நாள் கிடக்க நான் விழுந்திட்டன்.

அடுத்தநாள் காலமை வாட்டுக்கு வந்த டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை. என்னட்டைப் படிச்ச பிள்ளையளின்ரை வயதுதான் வரும். “ஆர் குளுசையை நிப்பாட்டச் சொன்னது?” எண்டு கேட்டா. நான் சாப்பாட்டுக்குப் பின் விளக்கத்தைச் சொன்னன். அவ, “அன்ரி என்ன வேலை செய்யிறியள்?” எண்டா. கணிதம் எண்டன். அவ பேனையை மூடிப்போட்டுக் கட்டில் விளிம்பிலை இருந்தா.

அவ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுறன். எங்கடை ரெண்டு சிறுநீரகத்துக்கும் மேலை, தொப்பி போட்ட மாதிரி ரெண்டு சின்னச் சுரப்பியள் இருக்காம். பயம், நெருக்கடி, வருத்தம் எண்டு வந்தால் அதுகள் ஒரு ஓமோனைச் சுரக்கும். நாய் கலைச்சால் ஓட வைக்கிறதும் பட்டினி கிடந்தால் தாங்க வைக்கிறதும் அதுதான். சும்மா படுக்கையிலை இருந்து எழும்பி நிக்கவும் அதிலை கொஞ்சம் வேணுமாம். என்ரை வெள்ளைக் குளுசை அந்த ஓமோனின்ரை வேலையைத்தான் செய்யிறது. வெளியிலை இருந்து மாசக்கணக்காய் வர, உள்ளுக்கை இருந்த சுரப்பி, இனி எனக்கென்ன வேலை எண்டு படுத்திட்டுது. நான் வெளியாலை வாறதையும் திடீரெண்டு நிப்பாட்டி, சோத்தையும் உப்பையும் நிப்பாட்டினன். உடம்புக்கை ஒண்டுமில்லை.

“கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளைக் கண்டிருக்கமாட்டம்” எண்டா.

நான் கேட்டன், “அப்ப பிள்ளை, கோவம்?”

அது கூடினால் மூளையையும் பிடிக்கும் எண்டா. நித்திரை போகும், பசி கூடும், சிலருக்குத் தேவையில்லாத உசார், சிலருக்கு அழுகை, சிலருக்குக் கோவம். வாறதை அடக்கிப் பிடிக்கிற இடம் மூளையிலை ஒண்டு இருக்கு, அது தளர்ந்து போகுமாம். முதலே சொல்லியிருந்தால் அளவைப் பாத்து மாத்தியிருப்பம் எண்டா. தங்கச்சி சொன்னதுதான்.

“குளுசை போடாத ஆக்களுக்கும் இப்பிடி வருமோ?”

“ஏன் வராது? கனகாலம் நித்திரையில்லாமல், எந்த நேரம் என்ன நடக்குமோ எண்டு இருக்கிற ஆக்களுக்கு உடம்பு தானாய் இந்த ஓமோனைச் சுரந்துகொண்டு கிடக்கும். வருத்தக்காரரைப் பாக்கிற சொந்தக்காரரிலை நாங்கள் ஒவ்வொரு நாளும் காணுறம். பிறஷரும் சீனி வருத்தமும் அவைக்குப் பிறகு வரும். எரிஞ்சு விழுவினம். ஆரும் அதை ஒரு வருத்தம் எண்டு எடுக்கிறேல்லை.”

தங்கச்சி கட்டில் தலைமாட்டிலை சுடுதண்ணிப் போத்தலோடை நிண்டாள். அவளும் எல்லாம் கேட்டவள்தான். நான் அவளைப் பாக்கேல்லை. என்ரை நினைப்பு முழுக்க, பழியிலை இருந்து நான் தப்பிட்டன் எண்டதிலை கிடந்தது. செத்துப் பிழைச்சதைவிட எனக்கு அதுதான் பெரிய சந்தோசம். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நான் தங்கச்சியைத் திரும்பிப் பாத்துச் சொன்னன். ரெண்டு மாசத்துக்குப் பிறகு நான் அவளோடை கதைச்ச முதல் கதை அது.

“கேட்டியோ? அது நான் இல்லை. குளுசை.”

அவள் கோப்பையிலை தேத்தண்ணி வார்த்துத் தந்தாள். “சட்டியிலை இருந்தால்தானே அக்கா அகப்பையிலை வரும்” எண்டாள்.

நான் கோப்பையை வாங்கினன்.

“கோவத்தைக் குளுசை தந்திருக்கும், அதை நான் நம்பிறன். நான்தானே முதலே சொன்னனான். ஆனால் கதையைக் குளுசை கட்டித் தராது. அம்மாவை நான் வீட்டுக்காகப் பாத்தனான் எண்டு எத்தினை வருசமாய் நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?” கோவமாய்க் கேக்கேல்லை. என்ன கறி வைக்கிறது எண்டு கேக்கிற குரல்தான். கேட்டிட்டு, பாக்கிற நேரம் முடிஞ்சுது, பின்னேரம் வாறன் எண்டு போயிட்டாள்.

அண்டைக்குப் பகல் முழுக்க அந்தக் கட்டிலிலை கிடந்து யோசிச்சன். ஒருநாளும் நினைக்கேல்லை, வாயிலை வந்தது எண்டு சொல்லலாம். டொக்டரே சாட்சி. அவளும் நம்பின மாதிரி இருந்திடுவாள், பொட்டும் திறபடும், கிண்ணங்கள் போய்வரும். ஊருலகத்திலை எல்லாரும் அப்பிடித்தான் சமாளிக்கினம். ஆனால் எனக்கு வெக்கமாய் இருந்தது. குளுசை எனக்கு உசாரைத் தந்தது, நித்திரையை எடுத்தது, கடிவாளத்தை அவிட்டு விட்டது. எல்லாம் சரி. ஆனால் ஓடின குதிரை என்ரை. அதைப் பதினொரு வருசம் தீனி போட்டு உள்ளுக்கை கட்டி வைச்சிருந்தவள் நான். மனக்குறை ஒண்டும் இல்லை எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சதும் நான்தான்.

பின்னேரம் அவள் புட்டும் முட்டைப்பொரியலும் கொண்டு வந்தாள். நான் சாப்பிட முதல் சொன்னன்.

“ஒரு சித்திரை லீவுக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தனான். பஸ்ஸாலை இறங்கிக் கேற்றடிக்கு வர, உன்ரை சத்தம் கேட்டுது. ஒருக்காலாய்ச் செத்துத் துலையுங்கோவன் எண்டு அம்மாவைப் பாத்துக் கத்தினனி. நான் திரும்பிச் சந்திக்குப் போய், கொஞ்சநேரம் நிண்டிட்டு, அப்பத்தான் வாற மாதிரி வந்தன். உன்னட்டையும் கேக்கேல்லை, அம்மாவிட்டையும் கேக்கேல்லை. பிறகு வீடு எழுதினது கேள்விப்பட்டவுடனை, ஓ, இதுக்குத்தான் இவள் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவள் எண்டு நினைச்சன். அண்டையிலை இருந்து அப்பிடித்தான் நினைச்சனான்.”

தங்கச்சி முழங்கையிலை கட்டியிருந்த துணியைப் பாத்துக்கொண்டிருந்தாள்.

“ஓம். சொன்னனான்” எண்டாள். “ஒருநாளில்லை அக்கா, கனநாள் சொன்னனான். நீங்கள் ஒருநாள்தான் கேட்டனீங்கள்.”

வாட்டிலை ஆக்கள் வந்து போய்க்கொண்டிருந்தினம். அவள் குரலை உயர்த்தேல்லை.

“காலமை டொக்டர் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். எனக்கு அப்ப ஆரும் குளுசை தரேல்லை. பிழையைப் போட நான் எங்கை போறது?”

எனக்கு அழுகை வந்துது. அது மருந்தாலை வந்ததோ என்னிலை இருந்து வந்ததோ எண்டு நான் ஆராயேல்லை. அவளின்ரை பிறஷர் குளுசையை நான் எத்தினையோ தரம் ரவுணிலை வாங்கிக்கொண்டு வந்து குடுத்திருக்கிறன். அது எப்ப தொடங்கினது, ஏன் தொடங்கினது எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. லீவுக்கு வந்து ஒறேஞ் உரிச்சுக் குடுத்திட்டுப் போனவள் நான். ராவிலை நிம்மதியாய் நித்திரை கொண்ட ஆள். எனக்கு நல்ல குணம் இருந்ததிலை என்ன புதினம்?

“மன்னிச்சுக்கொள்ளடி” எண்டன். அவள் தலையை ஆட்டினாள், ஓமெண்டோ இல்லையெண்டோ தெரியேல்லை. அதோடை விட்டிருக்கலாம். ஆனால் விட எனக்கு மனம் வரேல்லை. கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு இரு எண்டு சொல்லிப்போட்டு, பதினேழு வருசமாய்க் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டன்.

“அந்த ஆறு வருசமும் உனக்கு எப்பிடி இருந்தது?”

அவள் என்னை ஒருக்காப் பாத்தாள். மற்றவையளின்ரை சொந்தக்காரரெல்லாம் வெளிக்கிடத் தொடங்கியிருந்தினம். சாப்பாட்டுப் பெட்டியை மடியிலை இருந்து எடுத்துக் கீழை வைச்சாள்.

“முதல் வருசம் அவ்வளவு கஷ்டமில்லை” எண்டு தொடங்கினாள்.